காணா வேலி: விழிஞ்ஞம் தொடங்கி ஒரு வரலாற்று நோக்கு

'மாடு' என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றொரு பொருளும் தந்த மொழி நம் மொழி. அச்செல்வத்தை நம் முன்னோர் பெருக்கிய திறம் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். அதனை எல்லைக்குள் நிறுத்திய திறம் பற்றி எழுதினோர் சிலரே. மந்தை மேயுமிடம் ஒன்று, பயிர் விளையுமிடம் ஒன்று. இரண்டிற்கும் நடுவே ஒரு கோடு வேண்டும். அக்கோட்டை எதனால் இடுவது என்பது உழவும் ஆநிரையும் ஒருங்கே வளர்த்த எல்லா மக்களுக்கும் எழுந்த வினா. முள்ளால் இட்டனர், கல்லால் இட்டனர், பின்னாளில் கம்பியால் இட்டனர். இன்று மேலை நாடுகளில் ஒன்றுமே இல்லாமல் இடுகின்றனர். ஆட்டின் கழுத்தில் ஒரு பட்டை; அதனுள் செயற்கைக்கோளின் குறிப்பை வாங்கும் சிறு கருவி; மேய்ச்சற்காரர் தம் கைப்பேசியின் திரையில் விரலால் ஒரு கோடு வரைந்தால், அக்கோடே புல்வெளியில் வேலியாகிறது. கண்ணுக்குப் புலப்படாத அந்த வேலியைக் 'காணா வேலி' என்று ஈண்டு வழங்குவோம்.

இது முற்றிலும் புதியது என்றே செய்தித்தாள்கள் எழுதுகின்றன. கருவி புதியதுதான். கருத்து எத்துணைப் பழையது என்பதைத் தமிழகத்துக் கல்வெட்டுகளையும் கிடைகளையும் அறிந்தவர்கள் எளிதில் உணர்வர். அக்கருத்தின் தடத்தை, நாம் குடிபுகுந்து வாழும் இத் திருவனந்தபுரத்துக்குத் தெற்கே கூப்பிடு தொலைவில் உள்ள விழிஞ்ஞத்திலிருந்து தொடங்கிப் பின்பற்றிச் செல்வது இக்கட்டுரையின் நோக்கம்.

விழிஞ்ஞம் என்றவுடன் இன்றைய தலைமுறைக்கு நினைவுக்கு வருவது துறைமுகமே. 2024 சூலையில் முதற் பெருங்கப்பல் அணைந்து, 2025 மே 2ஆம் நாள் நாட்டுக்கு ஒப்படைக்கப்பெற்ற அத்துறைமுகத்தின் ஓங்கிய பளுதூக்கிகளைக் கோவளம் கடற்கரையிலிருந்தே காணலாம். அவற்றின் அருகே, யாரும் அதிகம் எட்டிப் பாராத ஒரு குடைவரை உண்டு. எட்டாம் நூற்றாண்டினது என்பர். உள்ளே சிறு கருவறை. வெளிச்சுவரில் சிவபெருமானும் உமையும் பாதி செதுக்கிய நிலையில் நிற்கின்றனர். உளியை வைத்துவிட்டுப் போன சிற்பி ஏன் திரும்பி வரவில்லை என்பதற்குக் கல்லில் விடையில்லை. அக்காலத்துப் போர்களை நோக்கினால் நாமே ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம்.

அந்நாளில் இவ்வூர் ஆய் வேளிரின் தலைநகர். பொதியிலையும் அதன் மேற்கே கடல்வரை விரிந்த நிலத்தையும் ஆண்ட இக்குடியைக் கி.பி. இரண்டாம் நூற்றாண்டுக் கிரேக்க நில நூலாராகிய தாலமியும் குறித்துள்ளார். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய ஆய் அண்டிரன் இக்குடியினன். 'ஆய்' என்னும் பெயர் ஆயர் என்பதிலிருந்தே வந்தது என்று அறிஞர் பலர் கொண்டனர். பிற்கால ஆய் மன்னர் தம் செப்பேட்டில் தம்மைக் கண்ணன் பிறந்த விருட்டிணி குலத்தவர் எனக் கூறிக்கொண்டதும் இதற்குத் துணையாகக் காட்டப்பெறும். பெயராராய்ச்சி வழுக்கு நிலம். அதில் யாம் ஊன்றி நிற்க விரும்பவில்லை. ஆயினும் மந்தையோடு உறவுடைய பெயர் தாங்கிய ஒரு குடி, கடலோரத்தில் மதில் எடுத்து அரசாண்டது என்னும் காட்சி நம் பொருளுக்குப் பொருத்தமானதே.

அம்மதிலைப் பற்றி நமக்குச் சொல்வோர் அதனை இடித்தவர்களே. பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனின் 17ஆம் ஆட்சியாண்டில் வெளியிடப்பெற்ற சீவரமங்கலச் செப்பேடு, கடலையே அகழியாகவும் வானளாவிய மதிலையும் உடையது விழிஞ்ஞம் என்று அதன் அரணை வியந்து கூறிவிட்டு, அவ்வரணை அழித்து வேள் மன்னனை வென்று யானையும் குதிரையும் பெருஞ்செல்வமும் கவர்ந்ததைப் பேசுகிறது. இரு நூற்றாண்டுகள் கழித்துச் சோழர் வந்தனர். முதலாம் இராசராசனின் படைத்தலைவன் இதே ஊரைக் கைப்பற்றியதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்லும்போதும் அதே கடல் அகழி மறவாமல் குறிக்கப்படுகிறது. பின்னர் இராசேந்திர சோழப் பட்டினம் என்று ஊருக்குப் பெயரே மாறிற்று. வெல்பவன் புகழ் பெருக வேண்டுமாயின் வேலியின் உயரமும் பெருக வேண்டும் போலும்! எத்துணை உயர்ந்த வேலியாயினும் அதனைக் கண்ணால் காண முடிந்தால் தாண்டவும் முடியும் என்பதற்கு விழிஞ்ஞம் இருமுறை சான்று தந்துவிட்டது.

இனி முல்லை நிலத்துக்கு வருவோம். அங்கே மதில் இல்லை. அகநானூற்று முல்லைப் பாடல் ஒன்று ஒரு மழையிரவைக் காட்டுகிறது. தூறலில் நனைந்தவாறு கோலை ஊன்றித் தனியே நிற்கிறான் ஓர் இடையன். நாவை மடித்து அவன் எழுப்பும் சீழ்க்கை ஒலி விரைந்து பாய்கிறது. துள்ளும் குட்டியின்மேல் கண்வைத்துப் பதுங்கியிருந்த குள்ளநரி அவ்வொலிக்கு அஞ்சி முட்புதருக்குள் ஓடுகிறது. இச்சீழ்க்கையை 'வீளை' என்றனர் முன்னோர். இன்றும் தென்பாண்டி நாட்டில் ஆட்டுக்காரர் எழுப்பும் ஒலி ஒவ்வொன்றுக்கும் ஆடு அறிந்த பொருள் உண்டு. ஓர் ஒலிக்கு நடக்கும்; மற்றோர் ஒலிக்கு நிற்கும்; பிறிதொன்றுக்குத் தலை திருப்பும். கைக்கு எட்டாத தொலைவில் ஒலி எட்டி நின்று வேலியாகிறது. காணா வேலியின் முதல் வடிவம் இதுவே என்று யாம் கருதுகிறோம். இன்றைய கழுத்துப்பட்டையும் முதலில் செய்வது ஒலி எழுப்புவதைத்தான் என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஒலிக்கு அடங்காதவரை அடக்க நாய் இருந்தது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்ட நடுகல் ஒன்று உண்டு. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. தன் எருமை மந்தையைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்காக எடுத்த கல் அது. வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டுள்ளது. நாயின் பெயர் கோவிவன். அது இரு கள்வரைக் கடித்துக் காவல் காத்ததை எழுத்தில் பொறித்துள்ளனர். மன்னர் பெயரோடு ஒரே கல்லில் பெயர் பெற்ற நாய்! அரசு ஊழியர் பலருக்கு ஓய்வு பெறும் நாளில் கிட்டும் சான்றிதழைவிட இது உறுதியானது.

வேலி என்பது கண்ணுக்குத் தெரியும் பொருளாக இருக்க வேண்டியதில்லை என்பதைச் சோழர் காலத்து நில ஆவணங்களும் காட்டுகின்றன. ஓர் ஊரைத் தானமாக அளிக்கும்போது அதன் எல்லையைப் பிடியானை ஒன்றை நடத்திச் சூழ்வித்து, கல்லும் கள்ளியும் நட்டு வரையறுப்பது அன்றைய வழக்கம். ஆனைமங்கலச் செப்பேடு போன்ற பெருஞ்செப்பேடுகளில் இதனைக் காண்கிறோம். ஊரார் கூடி நிற்க, யானை நடந்த வழியே எல்லை. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே கயிறு இல்லை, கம்பி இல்லை. ஆயினும் கோடு உண்டு. அது பார்த்தவர் நினைவிலும் எழுதியவர் ஏட்டிலும் இருந்தது. ஊரின் நிலக்கணக்கில் வரி நீங்கிய நிலங்களை எண்ணும்போது குளம், நத்தம், சுடுகாடு ஆகியவற்றோடு கன்று மேயும் பாழும் சேர்த்து எண்ணப்பட்டது. அதன் வழிவந்ததே நம் வருவாய்த்துறைக் கணக்கின் 'மேய்க்கால் புறம்போக்கு'. சென்னையில் வாழ்ந்த அன்பர்கள் மந்தைவெளியில் பேருந்தேறியிருப்பர். அங்கே மந்தையும் இல்லை, வெளியும் இல்லை. பெயர் மட்டும் நிற்கிறது.

இவையெல்லாவற்றிலும் எம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது விளக்காடு. கோப்புகளோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் பழகிய எமக்கு, சோழர் காலத்து எழுத்தரின் நுண்ணறிவைக் காணும்போதெல்லாம் ஒரு பொறாமை தோன்றுவதுண்டு. கோயிலில் இரவும் பகலும் எரியும் நந்தாவிளக்கு ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். உழக்காவது கால் நாழி. அந்நெய்க்காக விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் அளிப்பது சோழ நாட்டுப் பெருவழக்கு. 90 என்னும் கணக்கும் உண்டு. எல்லா ஆடும் ஒரே காலத்தில் கறப்பதில்லை. சினையாக இருப்பவை, பால் வற்றியவை, குட்டிக்கு ஊட்டுபவை எனக் கழித்து நோக்கினால் எண் ஏன் இவ்வளவு பெரிது என்பது விளங்கும். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் இட்ட ஏற்பாட்டின்படி 96 ஆட்டுக்கு ஈடாக 48 பசுவோ 16 எருமையோ கொள்ளலாம். நெய்யை அளக்கும் நாழிக்கும் 'ஆடவல்லான்' என இறைவன் பெயரே இட்டனர். அளவில் ஏய்ப்பவன் ஆண்டவன் பெயரைச் சொல்லியே ஏய்க்க வேண்டியிருந்தது.

இவ்வாடுகளுக்குக் கல்வெட்டு தரும் பெயர் 'சாவா மூவாப் பேராடு' என்பது. சாகாத, மூப்படையாத ஆடு! முதன்முறை படிப்போர் இதனைப் புராணம் என்று எண்ணக்கூடும். உண்மையில் இது தூய கணக்கியல். மன்றாடி எனப்பட்ட இடையர் 96 ஆட்டைப் பெற்றுக்கொள்கிறார். கிழடு கழியும், நோயில் சில மடியும். ஈனும் குட்டிகளால் அவர் அவ்விடத்தை நிரப்ப வேண்டும். பெருகியது அவருக்கு, குறைந்தது அவர் பொறுப்பு. அவருக்கு மற்ற இடையர் புணை நின்றனர். ஆகவே எந்த ஆண்டில் எண்ணினாலும் ஏட்டில் 96 இளம் ஆடுகள் நிற்கும். புல்லில் மேய்வது ஊனும் உயிரும் உடைய ஆடு. ஏட்டில் மேய்வது சாவா மூவா ஆடு. இரண்டையும் பிணைத்த கயிறு மாலைதோறும் கோயிலில் அளந்து ஊற்றிய உழக்கு நெய்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஆடு எங்கே மேய்கிறது, எந்தக் காட்டில் தங்குகிறது, எவ்வழி செல்கிறது என்று கோயில் கேட்கவில்லை. அதனை இடையரின் அறிவுக்கே விட்டுவிட்டது. விளைவை மட்டும் அளந்தது. இப்படி ஒரு காணா வேலி இட்ட நிருவாகம், மேய்ப்பவரின் கால்களைக் கட்டாமல் அவர் சொல்லைக் கட்டிற்று. இடம் குறித்துக் கண்காணிக்கும் இற்றைக் கருவியின் போக்கு இதற்கு நேர்மாறானது. எது சிறந்தது என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

கல்வெட்டிலிருந்து வயலுக்கு இறங்குவோம். கிடை என்னும் சொல்லை நம் பிள்ளைகள் அறியார். இங்கே பிறந்து வளரும் அவர்களுக்கு ஆடு என்றால் பிரியாணி. அதிலும் வெள்ளாடா செம்மறியா என்ற வேறுபாடு தட்டில் தெரிவதில்லை. ஆகவே சற்று விரித்துச் சொல்வது தகும். அறுவடை முடிந்த வயலில் இரவு நேரத்தில் செம்மறி மந்தையை மறித்துப் படுக்க வைப்பது கிடை. பகலெல்லாம் தரிசிலும் கண்மாய்க் கரையிலும் தாளடியிலும் மேய்ந்த ஆடு, இரவில் இடும் புழுக்கையும் நீரும் அவ்வயலுக்கு உரம். ஓர் இரவு ஓரிடம், மறு இரவு அதன் பக்கத்து இடம் என்று கிடையை மாற்றிக்கொண்டே போவர். நில உடையவர் கிடைக்குக் கூலியாக நெல்லோ பணமோ தருவார். ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம் என்பது உழவர் மொழி. ஆட்டெருவின் பயன் அந்தப் போகத்திலேயே கைமேல் கிட்டும் என்பது அதன் கருத்து.

இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளின் கீதாரிகள் இதில் பெயர் பெற்றவர்கள். பல மந்தைகளை ஒன்றாக நடத்திச் செல்லும் தலைவரே கீதாரி. தம் ஊரில் புல் வற்றும் காலத்தில் புதுக்கோட்டை, தஞ்சை எனக் காவிரிப் படுகையை நோக்கிக் குடும்பத்தோடு நகர்வர். தையிலும் மாசியிலும் அறுவடையாகும் வயல்கள் ஒவ்வொன்றாக அவர்களுக்குத் திறந்துகொள்ளும். மேட்டூர் அணை வழக்கப்படி சூன் 12இல் திறக்கப்பெற்று ஆற்றில் நீர் வந்தவுடன் வயல்கள் மூடிக்கொள்ளும். அப்போது திரும்பி நடக்க வேண்டும். நிலத்தில் வேலி இல்லை. காலத்தில் வேலி உண்டு. எந்த ஊரில் எந்த வயலில் எந்த வாரம் வரை நிற்கலாம் என்பது முழுவதும் வாய்ச்சொல்லால் ஆன வரைபடம். அதனைத் தந்தை மகனுக்கு நடந்து காட்டினார்.

எம் சொந்த ஊர் தாமிரவருணிக்குத் தெற்கே, வானம் பார்த்த நிலம். பங்குனி இரவுகளில் கிடையிலிருந்து எழும் கனைப்பொலியைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தோம். எம் பாட்டனார் கிடைக்காரருக்கு நெல் அளக்கும்போது, 'இராத்திரிக்கு எத்தனை உருப்படி படுத்தது, கோனாரே?' என்று கேட்பார். 'முந்நூறுக்கு ஒன்று குறையாது, ஐயா' என்பார் அவர். பாட்டனார் எண்ணிப் பார்த்ததில்லை. காலையில் வயலின் நிறத்தைப் பார்த்தாலே தெரியும் என்பார். வலை கட்டிய பட்டிக்குள் குட்டிகளைப் பெரிய கூடைகளால் கவிழ்த்து வைத்திருப்பர். சுற்றி நிற்கும் வலையோ ஒரு சாண் அகலக் கண்களை உடையது, முட்டினால் சாயும். அதனைத் தாண்டாமல் முந்நூறு ஆடு படுத்திருந்தது வலையின் வலிமையாலா? கி. ராஜநாராயணன் 'கிடை' என்றே ஒரு குறுநாவல் எழுதியுள்ளார். அதனை அடிப்படையாகக் கொண்டு 2003இல் 'ஒருத்தி' என்னும் திரைப்படமும் வந்தது. கரிசற்காட்டின் இந்த இரவுகளை அறிய விரும்புவோர் அக்கதையைப் படிக்கலாம்.

கிடையின் மறுபக்கமும் உண்டு. ஆடு தவறிப் பயிரில் இறங்கினால் வழக்கு. வெள்ளையர் 1871இல் கால்நடை அத்துமீறல் சட்டம் இயற்றி ஊருக்கு ஊர் பவுண்டு வைத்தனர். பட்டியில் அடைபட்ட உயிரை மீட்கத் தண்டமும் தீனிச் செலவும் கட்ட வேண்டும். அக்கணத்தில் எல்லைக்கோடு ஊர்ப் பேச்சிலிருந்து நீங்கிச் சட்டத்தின் கைக்குப் போயிற்று.

கொங்கு நாடு வேறொரு வழி கண்டது. திருப்பூர், கரூர், ஈரோட்டுப் பகுதிகளில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் காடுகள் உள்ளன. கிளுவைப் போத்துகளை நெருக்கமாக நட்டு உயிர்வேலி வளர்த்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளரவிட்டுக் காங்கயம் மாடுகளையும் மேச்சேரி ஆடுகளையும் ஆளின்றியே விட்டுவிடுவர். ஒரு காட்டில் புல் குறைந்தால் அடுத்த காட்டுக்கு மாற்றுவர், முந்தையது தழைத்துக்கொள்ளும். புல்லை மாற்றி மாற்றி மேய்ப்பதே மந்தையாண்மையின் உயிர் என்று இன்றைய மேலை அறிஞர் வலியுறுத்துவதை இவர்கள் கிளுவையைக் கொண்டு செய்தனர்.

மேல்நாட்டுக் கதையைச் சுருங்கச் சொல்வோம். அமெரிக்காவில் 1874இல் கிளிடன் என்பவர் முட்கம்பிக்கு உரிமை பெற்றார். சில பத்தாண்டுகளில் திறந்த புல்வெளிகள் துண்டு துண்டாயின. 1930களில் நியூசிலாந்தில் மின்வேலி பரவத் தொடங்கிற்று. 1973இல் அமெரிக்கராகிய ரிச்சர்ட் பெக், வீட்டு நாய் முற்றம் தாண்டாதிருக்க மண்ணுள் புதைத்த கம்பியும் கழுத்துப்பட்டையும் கொண்ட முறைக்கு உரிமை பெற்றார். காணா வேலியின் நேர் முன்னோடி இதுதான். ஆனால் மலைச்சரிவு முழுவதும் கம்பி புதைக்க யாரால் இயலும்? விடை வானத்திலிருந்து வந்தது. செயற்கைக்கோள் வழி இடமறியும் அமெரிக்க அமைப்பு படைத்துறைக்கென உருவானது. பொதுமக்களுக்குக் கிட்டிய குறிப்பில் வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பினர். 2000 மே மாதத்தில் அப்பிழை நீக்கப்பெற்றது. அதுவரை நூறு மீட்டர் அளவில் தடுமாறிய இடக்குறிப்பு சில மீட்டர்களுக்குள் நெருங்கி வந்தது. நூறு மீட்டர் தவறும் வேலியால் பயிரைக் காக்க முடியாது. சில மீட்டர் என்றால் ஆட்டையும் நிறுத்தலாம்.

நோஃபென்ஸ் என்னும் நார்வே நிறுவனம் முதலில் வெள்ளாடுகளுக்கும் பின்னர் மாடு, செம்மறிகளுக்கும் இத்தகைய பட்டைகளைச் செய்து விற்கலாயிற்று. அது இயங்கும் வகை எளிது. ஆடு கோட்டை நெருங்கும்போது பட்டை ஒலிக்கத் தொடங்கும்; நெருங்க நெருங்க ஒலியின் சுருதி ஏறும். திரும்பினால் ஒலி அடங்கும். திரும்பாமல் சுருதி முழுதும் ஏறி முடிந்தால், மெல்லிய மின்துடிப்பு ஒன்று கழுத்தைச் சுண்டும். சில நாட்களில் ஆடு பாடம் கற்றுக்கொள்கிறது. பெரும்பாலும் ஒலியைக் கேட்டவுடனேயே திரும்பிவிடுகிறது. முல்லை நிலத்து வீளை வானம் சுற்றி வந்து கழுத்துப்பட்டைக்குள் புகுந்துகொண்டது எனலாம். இடையனின் கோலுக்கு உரிய இடம் மின்துடிப்புக்கு.

செம்மறிக்கு இதில் இரு இடர்கள். ஒன்று கம்பளி: மயிர் அடர்ந்த கழுத்தில் துடிப்பு உறைப்பதில்லை. மற்றொன்று விலை: மாட்டுக்கு வாங்கும் பட்டையை ஆட்டுக்கு வாங்கினால் ஆட்டைவிடப் பட்டை மிகுந்த விலையாகும். எல்லா ஆட்டுக்கும் வேண்டுமா, சிலவற்றுக்குக் கட்டினால் மற்றவை பின்தொடராவா என்று ஆசுதிரேலிய ஆய்வாளர் சோதித்தனர். மந்தையில் மூன்றில் இரு பங்குக்குக் கட்டியபோது வேலி நின்றது. மூன்றில் ஒரு பங்குக்குக் கட்டியபோது நிற்கவில்லை. செம்மறிக் கூட்டம் என்று நாம் எள்ளும் அந்தப் பின்தொடரும் இயல்புக்கும் ஓர் எல்லை இருக்கிறது.

நம் நாட்டுக்கு இது ஏற்குமா? தென் தமிழகத்துக் கீழக்கரிசல், வேம்பூர் ஆடுகளுக்குக் கம்பளி இல்லை, குறுமயிரே. ஆகவே முதல் இடர் இங்கே இல்லை எனக் கருதலாம். இரண்டாம் இடர் இங்கே பன்மடங்கு. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுச் செம்மறிகள் ஏறக்குறைய 45 இலட்சம். அவற்றை வளர்ப்போரில் பெரும்பாலோர் சொந்த நிலம் இல்லாதவர். பிறர் நிலத்திலும் புறம்போக்கிலும் காட்டோரத்திலும் மேய்ப்பவர். காணா வேலி என்பது தன் நிலத்தில் தானே கோடு வரையும் உரிமையாளனுக்காகப் பிறந்தது. நிலமற்ற கீதாரி எந்த நிலத்தில் எந்தக் கோட்டை வரைவார்? அவருக்கு எதிராகப் பிறர் வரையும் கோடாக அது மாறிவிடக்கூடும். 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலைத் தடுத்தது. சில நாட்களில் அத்தடையைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றுக்கு மட்டும் எனச் சுருக்கிற்று. அவ்விரு ஆணைகளுக்கும் இடைப்பட்ட நாட்களில் மலையடிவார மேய்ப்பர் பட்ட கலக்கத்தை நோக்கினால், காகிதத்தில் ஒரு கோடு நகரும்போது எத்தனை உயிர்கள் நகர வேண்டியுள்ளன என்பது புலனாகும். மேய்ச்சலுக்கு வந்துபோகும் உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமும் ஏற்றுள்ளது என்பதை இங்கே குறித்தல் தகும்.

எம் கருத்தைக் கேட்டால், பட்டையை வேண்டாம் என்போம் அல்லோம். நெடுஞ்சாலையில் வண்டி மோதி ஒரே இரவில் முப்பது நாற்பது ஆடுகளை இழக்கும் குடும்பத்துக்கு, சாலையோரம் காணாத கோடு ஒன்று இருந்தால் பேருதவி. கோட்டை வரையும் விரல் ஆட்டுக்காரருடையதாக இருக்க வேண்டும் என்பதே எம் கட்டளை. விளக்காட்டு ஏற்பாட்டை யாம் மேலானது என்பதும் இதனாலேதான்: அதில் கோயில் நெய்யை அளந்தது, வழியை மன்றாடி அறிந்தார்.

இனி நம்மூருக்கே திரும்புவோம். வானத்திலிருந்து இடம் சொல்லும் வித்தைக்கும் திருவனந்தபுரத்துக்கும் தொடர்பு உண்டு. 1963 நவம்பர் 21ஆம் நாள் தும்பாவின் மீனவ ஊரிலிருந்து முதல் ஏவுகலம் எழுந்தது. அங்கே வளர்ந்த விக்ரம் சாராபாய் மையம் உருவாக்கிய ஏவுகலத்தின்மீதே 2013 சூலையில் இந்தியாவின் முதல் வழிகாட்டுச் செயற்கைக்கோளும் ஏறிச் சென்றது. நம் சங்கத்துக் குடும்பங்களில் சில அம்மையப் பணிக்காகவே நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெல்லையிலிருந்தும் இங்குக் குடிவந்தவை.

நாம் கடந்து வந்த எல்லையும் கோடுதான். 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசார் கேட்ட நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. விழிஞ்ஞம் அவ்வட்டத்து ஊர். அதற்கு முன் 1954 ஆகஸ்டு 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் 95 மாணாக்கருக்குச் சாலை நிறுவிய பார்த்திவபுரம் இன்று ஒரு மாநிலத்தில். அவன் குடியின் தலைநகராகிய விழிஞ்ஞம் மற்றொரு மாநிலத்தில். கோட்டைத் தாண்டும்போது பேருந்துப் பெயர்ப்பலகையின் எழுத்து மாறுகிறது, பசும்புல் மாறுவதில்லை.

இன்று விழிஞ்ஞத்துக் கடலிலும் காணா வேலி இறங்கிவிட்டது. 1974, 1976ஆம் ஆண்டு உடன்படிக்கைகளால் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே நீரில் வரைந்த எல்லைக்கு ஒரு கல் இல்லை, ஒரு கள்ளி இல்லை. அதனைத் தாண்டியவர்கள் சிறை செல்கின்றனர். 2024 ஆகஸ்டில் நடுவணரசு ஓர் இலட்சம் மீன்பிடி படகுகளுக்குச் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி பொருத்தும் திட்டத்தைத் தொடங்கிற்று. புயல் வந்தால் செய்தி தரும். எல்லைக்கோடு நெருங்கினால் எச்சரிக்கும். இதில் ஆட்டுப்பட்டையின் ஒலி உண்டு, துடிப்பு மட்டும் இல்லை. விழிஞ்ஞத்து முதியோருக்கோ கடலில் கோடு காண்பது புதிதன்று. கரையிலுள்ள தேவாலயக் கோபுரத்தையும் அதன் பின்னே எழும் மலைமுடியையும் ஒன்றுபடுத்தி ஒரு கோடு. வேறிரண்டு அடையாளங்களை ஒன்றுபடுத்தி மற்றொரு கோடு. இரண்டும் வெட்டுமிடத்தில் நீருக்கடியே மீன் தங்கும் பார். இம்முறைக்கு அவர்கள் இட்ட பெயர் கணிச்சம்.